முப்பத்தோராம் கேள்விக்குச் சுழியம்

ஏப்ரல் 7, திங்கள்

ஓய்வுபெற்று ஒன்பது ஆண்டுகள் ஆகியும் பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தக் கூப்பிடுகிறார்கள். மேல்நிலை வகுப்புகளில் உளவியல் நடத்துகிறவர்கள் அவ்வளவு குறைவு. எங்கள் மேசையில் ஏழு பேர். தலைமைத் திருத்துநர் விடைக்குறிப்பைப் படித்தார். முப்பத்தோராம் கேள்வி, ஐந்து மதிப்பெண்: சரியான விடை தெரிந்தும், கூட இருப்பவர்கள் எல்லோரும் வேறு சொல்வதால் ஒருவர் தானும் அதையே சொல்கிறார், இது என்ன? குறிப்பில் ‘கீழ்ப்படிதல்’. தவறு. யாருமே கட்டளையிடாதபோது ஏது கீழ்ப்படிதல்? அது ஒத்துப்போதல். முப்பது ஆண்டுகள் நடத்திய பாடம்.

“பெரியவர் என்ன சொல்றீங்க?” என்று என்னைத்தான் முதலில் கேட்டார். பாடநூலை மாற்றியிருப்பார்களோ?

தலையாட்டினேன்.

ஏப்ரல் 8

புதிய பாடநூலைப் பார்த்துவிட்டேன். மாறவில்லை.

ஏப்ரல் 9

ஒரு விடைத்தாள். ‘ஒத்துப்போதல்’ என்று தலைப்பிட்டு அந்தப் பிள்ளை எழுதியது: “என் வகுப்பில் ஒருவனைத் திருடன் என்றார்கள். அவன் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். நானும் ஆமாம் என்றேன்.”

சுழியம் போட்டேன். நான்தான் போட்டேன். கை கூசவில்லை. சீ, என்ன ஜென்மம்யா நான்?

ஏப்ரல் 10

தேநீர் இடைவேளையில் பக்கத்து இருக்கை டீச்சரிடம் மெல்லக் கேட்டேன். “தப்புன்னு அப்பவே தெரியும் சார். நீங்களே தலையாட்டிட்டீங்க, அப்புறம் நான் எப்படி...?”

மற்றவர்களையும் ஒவ்வொருவராகக் கேட்டேன். ஆறில் நான்கு பேருக்குத் தெரியும். எதிர் இருக்கையில் இருக்கும் கண்ணாடிக்காரர் சிரிக்கிறார்: “ஊரோட ஒத்து வாழணும்னு சும்மாவா சொன்னாங்க?” அவர் கன்னத்தில் ஒன்று விடலாம் போலிருந்தது. முதல் அறை யாருக்கு விழ வேண்டும்?

நாளை மாலை நான்கு மணிக்கு விடைத்தாள் கட்டுகளுக்கு முத்திரை வைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

ஏப்ரல் 11

காலையில் தலைமைத் திருத்துநர் முன் எழுந்து நின்றேன். சொல்ல வேண்டியதை எழுதி வைத்திருந்த சீட்டைப் பார்க்கவே இல்லை. “சார், முப்பத்தொண்ணு தப்பு.”

“ஏழு பேரும் ஒத்துக்கிட்டது. நாலு நாள் கழிச்சு வந்து சொல்றீங்க?”

“ஆமா, நாலு நாள் லேட்டு. தெரிஞ்சேதான் தலையாட்டினேன். தப்பு என்னோடது. பிள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சுங்க?” குரல் ஏறிவிட்டது. பக்கத்தில் நாற்காலி நகர்ந்தது. “எனக்கும் தெரியும் சார்,” என்றார் டீச்சர். அப்புறம் இன்னும் மூன்று பேர்.

தலைமைத் திருத்துநர் என்னை முறைத்தபடியே மேலிடத்துக்குத் தொலைபேசி செய்தார். முத்திரை வைப்பதை நிறுத்தினார்கள்.

ஏப்ரல் 12, சனி

முப்பத்தோராம் கேள்வியை மறுபடி திருத்த வேண்டியதாகி, என்னால் எல்லோருக்கும் விடுமுறை போயிற்று. கண்ணாடிக்காரர்: “பெரியவரே, இனிமே தலையாட்டுறதுக்கு முன்னாடி கழுத்தக் கொஞ்சம் அடக்கி வைங்க.”

அந்தப் பிள்ளையின் தாளைத் தேடி எடுத்து, சுழியத்தை அடித்து ஐந்து போட்டேன். மதிப்பெண்ணை மாற்றினால் ஒவ்வோர் இடத்திலும் திருத்தியவர் கையெழுத்து வேண்டும்.

எண்பத்தேழு கையெழுத்துகள். ஒரே ஒரு முறை தலையாட்டியதற்கு.