மூன்று கோல் என்று சொன்னவன் எழுதுவது

தம்பி, இன்று காலை என் வீட்டுக்காரி முழங்காலுக்கு நீலகிரித் தைலம் தேய்த்தாள். அந்த வாடை கூடத்துக்கு வந்ததும் கையில் இருந்த காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அது உன் வாடை. நீ இருக்கும் இடத்துக்கு இனித் தபால் போகாது. போனாலும் உனக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

நீ வந்த நாளில் ரயிலடியில் உன்னை எதிர்கொள்ள மில்லில் இருந்து அனுப்பப்பட்டவன் நான்தான். காரணம், டைம் ஆபீசில் இங்கிலீஷ் பேசக்கூடிய ஒரே ஆள் நான். மூன்றாம் ஃபாரம் வரை படித்தவன். கலெக்டரோடு இங்கிலீஷில் பேசியிருக்கிறேன் என்று ஊருக்குச் சொல்லி வைத்திருந்தேன். அவருடைய டவாலிச் சேவகன் ஒருமுறை என்னிடம் வழி கேட்டது உண்மை.

ஆறடி உயரம், அட்டைப்பெட்டி ஒன்று, கயிற்றில் கோத்துத் தோளில் தொங்கிய பூட்ஸ். நம் முதலாளி நூல் வியாபாரமாகக் கொழும்புக்குப் போனபோது நீ ஃபுட்பால் ஆடியதைப் பார்த்துவிட்டு, பேருக்கு ஃபிட்டர் வேலை, நிஜத்துக்கு மில் டீமின் ஃபார்வர்டு என்று உன்னை அழைத்துக்கொண்டார். ருமேனியா என்று நீ சொன்ன தேசம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கேட்டவர்களுக்கெல்லாம் ஜெர்மனிக்கு நாலு ஸ்டேஷன் தள்ளி என்று சொன்னேன்.

உன் கதையைக் குதிரை வண்டியிலேயே சொல்லிவிட்டாய். பெரிய ஆற்றின் கரையில் உன் ஊர். கப்பலுக்குத் தானியம் சுமக்கும் அப்பா. உள்ளூர் ரயில்வே டீம், பிறகு தலைநகரம், எல்லை தாண்டிப் பிரான்ஸில் இரண்டு ஊர், அங்கேயும் வேண்டாமென்றபோது எகிப்து, பிறகு கொழும்பு. எல்லாம் சேர்த்துப் பதினொரு டீம் என்றாய். எங்கேயும் இரண்டு வருஷம் தங்கவில்லை. நான் அதை மில் வாசலில் பதினேழு தேசம் ஆக்கினேன். இரண்டு ராஜாக்கள் கைகொடுத்ததாகவும் சேர்த்துக்கொண்டேன். ஜனங்கள் உன்னை வாய் பிளந்து பார்த்தார்கள். உனக்கும் அது பிடித்திருந்தது. எதற்கு இப்படிப் பார்க்கிறார்கள் என்று கேட்டாய். உயரத்தைப் பார்க்கிறார்கள் என்றேன்.

முதல் நாள் உன்னை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டேன். என் வீட்டில் சோளக்களி சாப்பிட்ட அன்று அது போய்விட்டது. வீட்டுக்காரி களியைத் தட்டில் கவிழ்த்து, நடுவே குழி பறித்துத் தயிர் ஊற்றினாள். நீ ஒரு வாய் வைத்தாய். பிறகு தலையைக் குனிந்துகொண்டே இருந்தாய். உங்கள் ஊரில் மக்காச்சோளத்தில் உன் அம்மா இதையேதான் கிண்டுவாளாம்.

"ஏனுங்க, காரம் கீரம் சேந்துபோச்சா? தம்பி கண்ணுல தண்ணி வருதுங்க" என்று அவள் பதறினாள்.

"அவங்கம்மா ஞாபகமாம்."

"அப்பறம் என்ன, இன்னொரு உருண்டை போடறேனுங்க. கண்ணு, சாப்புடு கண்ணு."

அன்றிலிருந்து ஊருக்கு நீ துரை, எங்களுக்குத் தம்பி. நீயும் 'ஏனுங்க மாமா' என்று கூப்பிடப் பழகிக்கொண்டாய்.

இரண்டு சீசன் நம் மில்லுக்கு ஆடினாய். அதற்குள் வலது முழங்கால் வீங்க ஆரம்பித்தது. ஆட்டம் முடிந்ததும் என் வீட்டுக்கு வருவாய். நான் தைலம் தேய்ப்பேன். அப்போதுதான் ரங்கூனில் இருந்து அந்தக் கடிதம் வந்தது. அடுத்த மாதம் வா, மைதானத்தில் ஓடிக் காட்டு, சரியாக இருந்தால் ஒரு சீசன் உனக்கு என்று எழுதியிருந்தார்கள். அதுதான் கடைசி, அது முடிந்தால் ஊருக்கு, அம்மாவிடம் என்றாய். ஆஸ்பத்திரி டாக்டர் முழங்காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, இருபது நாள் பந்தைத் தொடாதே, தொட்டால் அப்புறம் நடப்பதே பாடு என்றார். அதை உனக்கு எடுத்துச் சொன்னது நான். அதில் ஒரு சொல்லைக்கூட நான் கூட்டவில்லை.

அந்த வாரம்தான் முதலாளி நம் இருவரையும் ஆர்.எஸ்.புரம் பங்களாவுக்குக் கூப்பிட்டார். கூடம் நிறைய ஆட்கள். அவர் மகளைப் பெண் கேட்டு உடுமலைப்பேட்டையில் இருந்து சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். உன்னை அவர்களுக்குக் காட்ட வேண்டுமென்று அவருக்கு ஆசை.

"இவருதானுங்க நம்ம துரை. ஞாயித்துக்கெழம மதுக்கரைக்காரங்களோட ஆட்டம். எத்தன கோல் போடுவாருன்னு கேளுங்க" என்றார் என்னிடம்.

நான் கேட்டேன். நீ மெதுவாக இங்கிலீஷில் சொன்னாய்: "மாமா, முடியாது என்று சொல்லுங்கள். டாக்டர் சொன்னதைச் சொல்லுங்கள்."

நான் முதலாளியைப் பார்த்து, "மூணு போட்டுப்போடுவாருங்க" என்றேன்.

கூடமே சிரித்துக் கைதட்டியது. நீயும் என்னைப் பார்த்துச் சிரித்தாய், நான் மறுத்துச் சொல்லிவிட்டேன், விஷயம் முடிந்துவிட்டது என்று. அதை ஏன் அப்படிச் சொன்னாய் என்று என்னைக் கேட்டால், இப்போதும் எனக்குத் தெரிவது ஒன்றுதான். எங்கள் பக்கத்தில் பெரியவர் முகத்துக்கு நேரே, அதுவும் நாலு பேர் கூடிய நல்ல காரியத்தில், முடியாது என்று யாரும் சொல்லமாட்டோம். ஆகட்டும் என்று சொல்லிவிட்டு வந்து, மறுநாள் ஒரு ஆள் மூலம் பதமாகச் சொல்லி அனுப்புவோம். அனுப்பலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் 'ஆகட்டுங்க' என்பதோடு நிறுத்தியிருக்கலாம். மூன்று என்பது என் வாய்.

மறுநாள் விடிந்ததும் மேனேஜரிடம் ஓடினேன். முதலாளி மாப்பிள்ளை வீடு பார்க்க உடுமலைப்பேட்டைக்குக் காரில் போய்விட்டாராம்.

"ஒரு ஆள அனுப்பிச் சொல்லிப்போடுங்க" என்று கெஞ்சினேன்.

"ஏனுங்க, புத்தி கித்தி இருக்குதுங்களா? கல்யாணப் பேச்சு நடக்கற ஊட்டுக்கு 'முடியாது'ன்னு ஆளனுப்பறதா? அந்தச் சொல்லு அந்த வாசப்படி தாண்டக்கூடாதுங்க. ஞாயித்துக்கெழம வருவாரு. நேர்ல சொல்லிக்குங்க."

அவர் சொன்னது நியாயம் என்றே அப்போது எனக்குப் பட்டது. நானாக இருந்தாலும் அனுப்பியிருக்கமாட்டேன்.

வீட்டுக்காரி மட்டும் விடவில்லை. "சொல்லீட்டீங்களா இல்லீங்களா? உங்க வாய்க்குள்ள போறது எல்லாமே ஊதிப் பெருத்துத்தானுங்க வெளிய வருது. பாவம், தம்பி காலுங்க அது."

ஞாயிற்றுக்கிழமை முதலாளியின் கார் சம்பந்திகளோடு நேராக மைதானத்துக்கே வந்தது. அவருக்கு மாலை போட்டார்கள். நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போவதற்குள் டீம் உள்ளே இறங்க நின்றது. ஆட்டம் பார்க்க வேட்டியோடு வந்திருந்த உன் கையில் பூட்ஸைத் திணித்திருந்தார்கள். நீ மைதானக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று என்னைக் கேட்டாய்: "மாமா, அன்றைக்குச் சொன்னீர்களா?"

"சொன்னேன்" என்றேன்.

"என்ன சொன்னார்?"

"ஆடத்தான் வேண்டுமாம்."

நீ கொஞ்ச நேரம் முதலாளியைப் பார்த்தாய். பிறகு கயிற்றடியில் உட்கார்ந்து பூட்ஸைக் கட்டினாய். பதினொரு டீமில் உனக்கு இது பழக்கமாகியிருக்கும் போல. கோபமே படவில்லை. நான் பக்கத்திலேயே நின்றேன். குனிந்து உண்மையைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். பின்னால் நாதஸ்வரக்காரன் ஊதிக்கொண்டிருந்தான். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

அன்று நீ போட்ட கோலை ஊரில் நான் மூன்று என்றுதான் சொல்லி வருகிறேன். உனக்கும் எனக்கும் தெரியும், ஒன்றுதான். இரண்டு பேருக்கு நடுவே புகுந்து, திரும்பாமலே இடது காலால் தட்டிவிட்டாய். அடுத்த பந்துக்கு எகிறிக் கீழே வந்தபோது முழங்கால் உள்பக்கமாக மடங்கியது. அந்தச் சத்தம் கயிற்றடி வரைக்கும் கேட்டது.

உன்னைக் கட்டிலில் தூக்கி வந்தபோது முதலாளி செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடிவந்தார். டாக்டர் இருபது நாள் சொன்னதை மேனேஜர் அப்போதுதான் அவர் காதில் போட்டார்.

"அட, முன்னாலயே ஒரு வார்த்த சொல்லியிருந்தா உட்டிருப்பேனே! எனக்குக் கோலா பெருசு? யாரும் எங்கிட்ட சொல்லலியே!" என்று உன் கையைப் பிடித்துக்கொண்டு அழாத குறையாகச் சொன்னார்.

நீ வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாய். என்ன சொல்கிறார் என்று கேட்டாய்.

"ராஜா மாதிரி ஆடினாயாம்" என்றேன்.

ஊன்றுகோலோடு ரங்கூனுக்குப் புறப்பட்டாய். முதலாளி இரு என்றார், ஆனால் இங்கே இருந்து என்ன செய்வேன் என்றாய். போத்தனூரில் ரயில் ஏறும் முன்னே வீட்டுக்காரியிடம் "வாரேனுங்க" என்று எங்கள் ஊர்க்காரன் போலவே சொன்னாய். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு என் தோளைப் பிடித்து இங்கிலீஷில் சொன்னாய்: "மாமா, பதினொரு டீமில் எனக்காகப் பேச ஆள் இருந்தது இங்கே மட்டும்தான்."

ரயில் நகர்ந்துவிட்டது.

ஓடிக் காட்டச் சொன்னவர்கள் உன் காலைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிட்டார்களாம். கொஞ்ச நாள் அவர்கள் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டாயாம், பந்துக்குக் காற்று அடித்தாயாம். மழைக்காலத்தில் காய்ச்சல், பிறகு எழுந்திருக்கவே இல்லையாம். உன் பெட்டியில் என் விலாசம் இருந்ததால் ஈரோட்டுப் பக்கத்துக் குமாஸ்தா ஒருவர் அங்கிருந்து இதையெல்லாம் எழுதினார். உன் அம்மாவுக்கு யார் எழுதுவது? அந்தப் பெரிய ஆற்றங்கரை ஊரின் பெயர்கூட எனக்கு எழுத்துக்கூட்டத் தெரியவில்லை.

பதினேழு தேசத்தையும் இரண்டு ராஜாக்களையும் நான் இன்னும் சொல்லிக்கொண்டுதான் திரிகிறேன். ஜனங்கள் கேட்கிறார்கள். நீ ரயிலடியில் சொன்னதை மட்டும் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. வீட்டுக்காரிகூட என்ன சொன்னான் என்று கேட்டாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான் என்றேன்.

நாளைக்குப் புது மிஷினோடு வெள்ளைக்காரன் ஒருவன் வருகிறானாம். அவன் பேசுவதை முதலாளிக்கு எடுத்துச் சொல்ல உங்களை விட்டால் ஆளில்லை என்று மேனேஜர் நேற்று கூப்பிட்டுச் சொன்னார். வேறு யாரையாவது வைத்துக்கொள்ளுங்கள், என்னால் முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், தம்பி.

"ஆகட்டுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.