பச்சை போர்டு வந்தால் கல் காயும்

ஜனவரி 9, 2025

இன்று அம்மா ஒரு பல் டாக்டரை விவசாய அதிகாரி ஆக்கிவிட்டாள்.

சோரியாங்குப்பத்தில், புதுச்சேரி எல்லையை ஒட்டிய பெட்ரோல் பங்க்கில் நான் கணக்கு எழுதுகிறேன். பக்கத்துக் காலிமனையும் முதலாளி கலைவேந்தனுடையதுதான். அதில் அம்மாவின் தோசைக்கடை. பச்சை நம்பர் போர்டோடு ஒரு கார் வந்து நின்றதும் விவசாய இலாகா வண்டி என்றே முடிவு கட்டிவிட்டாள்.

“இன்னா சார், வாய்க்கா தூர் வாரி எத்தினி வருசம் ஆவுது! ஒரு நாளு எட்டிப் பாத்தீங்களா?”

அவர் பொறுமையாகக் கேட்டபடியே மூன்று தோசை சாப்பிட்டார். பிறகுதான், “நான் கடலூர்ல பல் டாக்டர்மா. பச்சை போர்டுன்னா கரன்ட்டு வண்டி” என்றார். நான் சிரித்த சிரிப்பில், மடியில் வைத்துப் படித்துக்கொண்டிருந்த நாவல் கீழே விழுந்தது. எந்தப் பக்கம் வரை படித்தேன் என்று இன்னும் தெரியவில்லை.

போகும்போது முதலாளியிடம், “இங்க ஒரு சார்ஜ் மிஷின் வைங்களேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜனவரி 27

மிஷின் வருகிறது. வைக்கப்போவது அம்மாவின் கடை இருக்கும் இடத்தில். “மஞ்சுளாக்கா, வேற எடம் பாத்துக்கோங்க” என்றார் முதலாளி.

அப்பா போன பிறகு எங்களுக்குச் சோறு போட்ட கடை. எங்கே போவது?

“சார்ஜ் ஏற முக்கால் மணி நேரம் ஆகும் சார். அதுவரைக்கும் அவங்க என்ன பண்ணுவாங்க?” என்று கேட்டுப் பார்த்தேன்.

“கார்ல ஏசி இருக்குதும்மா. படுத்துக் கெடப்பாங்க.”

பிப்ரவரி 3

கடையைப் பிரித்தோம். தோசைக்கல்லை மட்டும் அம்மா யாரிடமும் தரவில்லை. ஸ்கூட்டியில் என் பின்னால் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

மார்ச் 22

மிஷினுக்கு மாலை போட்டார்கள். அம்மா வரவில்லை.

ஏப்ரல் 6

பச்சை போர்டுகள் வரத் தொடங்கிவிட்டன. வருகிறவர்கள் யாரும் படுத்துக் கிடக்கவில்லை. இறங்குகிறார்கள், நடக்கிறார்கள், என்னிடம் வந்து, “இங்க டிபன் கிடைக்குமா?” என்கிறார்கள். ஒருவர் விடாமல் எல்லாரிடமும், “முதலாளியக் கேளுங்க” என்று சொன்னேன். கொஞ்சம் குறும்புதான் — அதனால் என்ன?

இன்று ஒரு டாக்சிக்காரர் பாதி சார்ஜிலேயே வயரைப் பிடுங்கிவிட்டார். “பசிக்குதுங்க. மீதிய பாண்டியில போட்டுக்கறேன்.” முதலாளி அந்தக் கார் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் அவர் குரல். “அக்கா, அந்தக் கல்லு வூட்லதான இருக்குது?”

அம்மா உள்ளேயிருந்தே, “இன்னாத்துக்கு? கார்ல ஏசி இருக்குதே, படுத்துக் கெடக்கச் சொல்லு” என்றாள். (அவர் அன்று சொன்னதை நான்தான் அம்மாவிடம் சொல்லிவைத்திருந்தேன்.)

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். அப்புறம்தான் அம்மா தண்ணீர் கொடுத்தாள்.

மே 11

அதே மனையின் மறுகோடியில் கடை. மேலே புதுத் தகரக் கூரை, முதலாளி போட்டது. ஞாயிற்றுக்கிழமை, உதவிக்குப் போனேன். இப்போது அம்மா எனக்கே பாடம் எடுக்கிறாள்.

“பச்சையில வெள்ள எழுத்துன்னா சொந்த வண்டி. பசங்க இருக்கும், சட்னியில காரம் கொற. மஞ்ச எழுத்துன்னா வாடக வண்டிடி, டிரைவரு பசியோட வருவான், கல்லக் காய வை.”

“வெள்ளை போர்டு?”

“அது பெட்ரோல ரொப்பிக்கினு ஓடிப்பூடும். வுடு.”

மதியம் பல் டாக்டர் வந்தார். அம்மா தோசையை வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“வாய்க்கா இன்னும் தூர் வாரல சார்.”

“மேல சொல்லியிருக்கேம்மா” என்றார் அவர்.