அத்தையின் விரலுக்குத் தெரியாத பட்டன்கள்

என்னங்க, உங்கள் முதுகுவலி தேவலையா? என் இருமல் விட்டுவிட்டது.

காரில் ஏசி லீவர்களைக் கழற்றிவிட்டுப் பட்டன் வைத்து நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். அழகுதான். ஆனால் யாரைக் கேட்டு மாற்றினீர்கள்? பார்வை மங்கிய உங்கள் அம்மா முன் சீட்டில் உட்கார்ந்து, தடவியே லீவரை நகர்த்தி நமக்கெல்லாம் குளிரும் சூடும் வைத்தவர். ஒரே மாதிரி வழவழக்கும் பட்டன்களில் எதை என்று தடவுவார்? போனில் அவரிடமே கேட்டேன்.

“குளிருனா முந்தானையப் போத்திக்கிறேன்டி. அவன்கிட்ட சொல்லிடாத.”

சொல்லிவிட்டேன்.

என் கண்ணாடியருகே கல் பொட்டு அட்டை இருக்கும். சூட்டுக்கு ஒன்று, குளிருக்கு இரண்டு ஒட்டி, அத்தையின் விரலைப் பிடித்துக் காட்டுங்கள். மீதியை எடுத்து வையுங்கள், நான் ஊருக்கு வரும்போது வைத்துக்கொள்வேன்.

இங்கே எங்களை வேலைக்கு ஏற்றிப்போகும் வேன் வந்துவிட்டது. அதில் குளிருதா என்று யாரும் கேட்பதில்லை.