பெரிய வெள்ளியில் பிறந்த கன்று

அன்பு மகன் எவாரிஸ்தோவுக்கு, அப்பா சொல்லச் சொல்ல உன் தங்கை நிமியா வழக்கம்போல எழுதுவது. இங்கே எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், நீயும் பியூனஸ் அயர்ஸில் கட்டடச் சாரத்தின் மேல் பார்த்துக் கால் வைத்து, வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறோம். மரவள்ளி இந்த வருஷம் நன்றாக விளைந்திருக்கிறது. அத்தை தெயோலிந்தா புதன்கிழமை மண்ணடுப்பு நிறைய சிப்பா ரொட்டி சுட்டாள், பாலாடைக்கட்டி குறைந்துவிட்டது என்று இன்றுவரை முணுமுணுக்கிறாள்.

நம் புள்ளிப் பசு பெரிய வெள்ளியன்று கன்று போட்டது. நானும் அத்தையும் சிலுவைப் பாதைக்குப் போயிருந்தோம், திரும்பி வந்தால் முன்னங்கால் இரண்டும் மூக்கு நுனியும் வெளியே நிற்கின்றன, அதற்கு மேல் நகரவில்லை. கையில் சோப்பு தடவி உள்ளே விட்டுப் பார்த்தேன், நெற்றி மாட்டிக்கொண்டிருந்தது. இன்றைக்குக் கயிற்றைத் தொடக் கூடாது என்று அத்தை குறுக்கே நின்றாள். "ஆண்டவர் திட்டினா வாங்கிக்கறேன், இந்த மாடு திட்டினா தாங்க மாட்டேன், தள்ளு" என்று சொல்லிவிட்டுக் கால்களில் கயிறு கட்டி, பசு முக்கும்போதெல்லாம் கீழ்ப்பக்கமாக இழுத்தேன். நனைந்த சாக்கு மாதிரி வந்து விழுந்தது. வாயில் இருந்த கோழையை வழித்து, மூக்கில் வைக்கோலை விட்டுக் குடைந்து, உடம்பு முழுக்கத் தேய்த்த பிறகுதான் ஒரு தும்மல் போட்டது. கிடாரிக் கன்று. ஒரு நாள் கடந்தும் எழுந்து நிற்கவில்லை, நாக்கு வீங்கியிருப்பதால் காம்பைப் பிடிக்க முடியவில்லை. சீம்பாலைக் கறந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கடைவாயில் ஊற்றுகிறோம். மகனே, நான் அவசரப்பட்டு இழுத்ததில்தான் நாக்குக்கு இப்படி ஆகியிருக்க வேண்டும். உன் அம்மா இருந்திருந்தால் பதமாக எடுத்திருப்பாள். என் கையில் அந்த நிதானம் போய்விட்டது, இனி ஈனும் மாட்டின் பக்கம் போக மாட்டேன். நிமியா கன்றை விட்டு நகராமல் பார்த்துக்கொள்கிறாள், இப்படி ஒரு பிள்ளை வீட்டில் இருப்பதுதான் எனக்கு ஆறுதல். குளிர் வருகிறது, கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள். என் ஆசீர்வாதம் எப்போதும் உன் தலைமேல் இருக்கட்டும்.

உன் அப்பா சிப்ரியானோ

அண்ணா, இது தாளின் பின்பக்கம். அப்பா தூங்கிவிட்டார். அத்தை இருமும்போதெல்லாம் மெழுகுவர்த்தியைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அப்பா இழுத்ததால் நாக்கு வீங்கவில்லை. அவர் வருவதற்கு வெகு நேரம் முன்பே வீங்கிவிட்டது. அன்றைக்கு அவர்கள் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் பசு படுத்துவிட்டது. கால்கள் தெரிந்தபோது மாமரத்து நிழல் வேலிவரை இருந்தது, அப்பா வந்தபோது அது அடிமரத்துக்கு வந்திருந்தது. அவ்வளவு நேரமும் நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தேவாலயம் ஓடைக்கு அந்தப் பக்கம்தானே, ஓடினால் மூச்சு வாங்குவதற்குள் போய்விடலாம். ஆனால் கிளம்பும்போது அத்தை, பெருக்காதே, கத்தாதே, கயிற்றைத் தொடாதே என்று அடுக்கிவிட்டு, "இன்னைக்கு ஓடுறவ ஆண்டவர் நெஞ்சு மேல ஓடுறாடி" என்று சொல்லியிருந்தாள். நடந்தாவது போயிருக்கலாம். அது எனக்குத் தோன்றவே இல்லை அண்ணா. வாய்க்கு வெளியே தொங்கிய நாக்கு சிவப்பிலிருந்து நாவற்பழ நிறத்துக்கு மாறுவதைப் பார்த்துக்கொண்டே செபம் சொன்னேன்.

அப்பா சட்டைக் கையை மடித்துக்கொண்டே, "எப்போ ஆரம்பிச்சுது பாப்பா?" என்று கேட்டார். "இப்பத்தான்ப்பா" என்றேன். அந்த ஒரு வார்த்தையைத்தான் அவர் நம்பிக்கொண்டிருக்கிறார். இன்று காலையில் ஆசீர்வாதம் கேட்டு நான் கை கூப்பியபோது, சிலுவை வரையத் தூக்கிய தன் கையை ஒரு நொடி திருப்பிப் பார்த்தார். சாயங்காலம், என்னைப் பற்றி அவர் சொன்ன அந்த வரியை எழுதுமுன் பேனாவில் மை தீர்ந்துவிட்டதாகச் சொல்லி எழுந்து வெளியே போய் நின்றேன்.

இப்போதுதான் கன்றுக்குப் பால் ஊற்றிவிட்டு வந்தேன். விரலை வாயில் வைத்ததும் நாக்கு முதல் தடவையாக அதைச் சுற்றிக்கொண்டது. பிழைத்துக்கொள்ளும் என்று நினைக்கிறேன். பிழைத்தாலும் அப்பா தன் கையைத்தான் குறை சொல்வார்.

உறையில் போடுமுன் கடிதத்தை முழுக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் அப்பா பெருவிரல் வைப்பார், உனக்குத் தெரியுமே. நாளை ஈஸ்டர் பூசைக்குப் போகுமுன் இந்தப் பக்கத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டும். வேறு தாளில் எழுதினால் காலையில் பயந்து கிழித்துவிடுவேன், அதனால்தான் அவர் கடிதத்தின் முதுகிலேயே எழுதினேன். இதைக் கிழித்தால் அதுவும் கிழியும்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். அடியில் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன், அங்கே அப்பாவின் பெருவிரல் இருக்கிறதா என்று பார்.

உன் தங்கை நிமியா