எந்த ஊர்க் கோர்ட் என்று கேட்டார்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே இரண்டு பேருக்கும் உடம்புக்குப் புதிதாக ஒன்றுமில்லை, நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். மனசு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்காதே, அதைத்தான் கீழே எழுதப்போகிறேன். போனில் சொன்னால் பாதியில் அழுது தொலைப்பேன், நீயும் ஆபீசில் உட்கார்ந்துகொண்டு மூக்கைச் சிந்துவாய், அதனால்தான் கடிதம்.

கோர்ட்டிலிருந்து வந்த சம்மனைக் கையில் வைத்துக்கொண்டு உன் வீட்டிலிருந்து நான் புறப்பட்டபோது விஷயம் பாதிதான் புரிந்திருந்தது. இங்கே வந்து வக்கீலைப் பார்த்த பிறகுதான் முழுசாகப் புரிந்தது. நம் மூக்குக்கண்ணாடிக் கடையை வாங்கியவர் பொய் ஒன்றும் சொல்லவில்லை. விற்ற பிறகு மூன்று வருஷம் இதே ஊரில் அந்தத் தொழிலைத் தொடமாட்டோம் என்று ஒத்துக்கொண்டுதான் அப்பா கையெழுத்துப் போட்டார், பங்குதாரர் என்று நானும் போட்டேன். ஆனால் உன் அப்பாவுக்குக் கை சும்மா இருக்குமா? நான் உன்னிடம் வந்த மறுமாதமே பழைய வாடிக்கையாளர்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்திருக்கிறார்கள். ஒருவருக்குக் கழன்ற திருகை மாட்டியிருக்கிறார், இன்னொருவருக்கு மூக்கை அழுத்துகிற பிரேமை நிமிர்த்திக் கொடுத்திருக்கிறார், அதோடு நின்றாரா, புது லென்சுக்கு ஆர்டரே பிடித்திருக்கிறார். நான் வந்து பார்த்தால் சாப்பாட்டு மேஜை முழுக்க பிரேமும் துடைக்கிற துணியும், ஒரு தட்டு வைக்க இடமில்லை. கேட்டால், பழகினவர்களை எப்படித் திருப்பி அனுப்புவது என்று என்னையே கேட்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மேஜையையே கவிழ்த்திருப்பேன்.

இதில் இன்னொரு கூத்து, இப்போது சண்டை அதைப் பற்றியே இல்லை. வழக்கு எந்த ஊரில் நடக்க வேண்டும் என்பதுதான் முதல் சண்டை. கடை இங்கே, விற்றது இங்கே, அப்பா இருப்பது இங்கே, ஆனால் வாங்கியவருடைய மற்றக் கடைகளெல்லாம் உன் ஊரில், அதனால் அங்கேயே கோர்ட்டில் போட்டிருக்கிறார். அதற்கு அவருக்குக் கிடைத்த பிடி நான்தான். எதிர்த்தரப்பில் இரண்டு பேர் இருந்தால், அதில் ஒருவர் குடியிருக்கிற ஊரிலும் கோர்ட் அனுமதித்தால் வழக்குப் போடலாமாம். நான் உன்னோடு குடியிருக்கிறேன் என்று எழுதிவிட்டார். வக்கீல் சின்ன வயசுக்காரர், பதமாகப் பேசுகிறார். மகள் வீட்டுக்கு விருந்தாளியாகப் போயிருந்தேன், என் வீடு இதுதான் என்று சத்தியம் செய்து ஒரு வரி கொடுத்தால் வழக்கை இங்கே கொண்டுவந்துவிடலாம் என்றார். அப்பாவுக்கு ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல உட்கார்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது, ஒவ்வொரு வாய்தாவுக்கும் அத்தனை தூரம் ரயிலில் வர முடியுமா? வக்கீலும் பக்கத்தில் இருந்த அப்பாவும் என் வாயையே பார்த்தார்கள்.

நான் விருந்தாளியாக வரவில்லை என்பது உனக்கு மட்டும்தான் தெரியும். அத்தனை வருஷம் நானும் அவரோடு அந்தக் கடையில் நின்றேன், விலை பேசி முடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதற்கு மட்டும் என்னைக் கூப்பிட்டார். நான் சண்டை போடவில்லை, கையெழுத்தைப் போட்டுவிட்டு ரயில் ஏறிவிட்டேன். அங்கே கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற வேலையும் கிடைத்தது, நிம்மதியாக இருந்தேன். இனி போகப்போவதில்லை என்று உன்னிடம் சொன்னேனே தவிர அவரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை, மகளுக்குத் துணையாகப் போயிருக்கிறாள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறார்.

அந்த அறையில் வக்கீல் பேனாவைத் திறந்து, விருந்துக்குப் போனது என்று எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டார். தலையாட்டியிருந்தால் முடிந்தது. சத்தியம் என்று சொல்லிவிட்டு எப்படிப் பொய் சொல்வது பாப்பா? "இல்ல சார், நான் அங்கதான் இருக்கேன். திரும்பி வரணும்னு போகல" என்றேன். அப்பா முதலில் நான் கேள்வியைச் சரியாகக் காதில் வாங்கவில்லை என்று நினைத்து வக்கீலைப் பார்த்தார். பிறகு இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"அப்போ நம்ம வீடு உனக்கு வீடு இல்லையா?"

இந்த மனுஷனைக் கேட்க எத்தனையோ கேள்வி சேர்த்து வைத்திருந்தேன். கடையை விற்கும்போது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வீடாக இருந்திருக்கும் என்று மட்டும் சொன்னேன். வக்கீல் டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனவர் ரொம்ப நேரம் வரவே இல்லை, பாவம். கட்டினவனைக் காட்டிக் கொடுத்துவிட்டேனோ என்று இருந்தது, இன்னும் இருக்கிறது.

மறுநாள் காலையில் அப்பா மேஜையைக் காலி செய்து, யாருடைய பிரேம் எதுவோ அவரவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, இனிமேல் கடைக்கே போங்கள் என்று சொல்லிவிட்டு, தனியாக வக்கீலிடம் போனார். நான் சொன்னதையே எழுதச் சொல்லிவிட்டாராம். வழக்கை உன் ஊரில் நடத்தக்கூடாது என்று அவர் தன் பங்குக்கு ஆட்சேபம் சொல்லலாமாம், அதுவும் வேண்டாம் என்றுவிட்டார். ஏன் என்று கேட்டேன், "அவ சொன்னது நிஜம்னா அப்புறம் நான் என்னத்த ஆட்சேபிக்கறது" என்று வக்கீலிடம் சொன்னதை என்னிடமும் சொன்னார். இடுப்பை வைத்துக்கொண்டு என்ன வீம்பு என்று கத்தினேன்.

முதல் வாய்தா வருகிற மாதம் பத்தாம் தேதி. அவர்கள் தரப்பில் யாராவது உன்னிடம் வந்து விசாரித்தால் நடந்ததை நடந்தபடி சொல், அப்பாவுக்காகவும் மழுப்பாதே, எனக்காகவும் மழுப்பாதே. அப்பா வந்ததும் என் பக்கம் நின்று அவரைப் பிடித்துக் கடித்துவிடாதே, அது என் வேலை. உன் வீட்டில் வந்து தங்கலாமா என்று உன்னைக் கேட்டு எழுதச் சொன்னார்.

குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தால் வீட்டுக்காரரை விடாமல் நச்சரி. ராத்திரி கண் விழித்து வேலை பார்க்காதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் சண்டையில்லாமல் வேண்டிக்கொள்வது. ஒன்பதாம் தேதி காலையில் ஸ்டேஷனுக்கு மறக்காமல் வா, பெட்டியை அவர் தூக்கக்கூடாது. டிக்கெட்டை அவரே நேற்றுப் போய் எடுத்து வந்தார். அங்கே வருவதற்கு இரண்டு, திரும்புவதற்கு ஒன்று.

ஆசிகளுடன்,
உன் அம்மா