மாடு சிவந்த இலையில், மனிதன் பனியில்

லா கூர்னெவ்,
தை 19

அன்பான தயாளினிக்கு,

வாமதேவன் எழுதுவது. நான் நல்ல சுகம். உமது சுகத்தையும் மாமியின் முழங்கால் நோவையும் அறிய ஆவல். போனில் சொன்னால், பிறகு கதைப்பம் என்று நடுவில் வைத்துவிடுவீர். அதனால்தான் கடிதம். முழுக்க வாசித்துவிட்டுக் கோபியும்.

நேற்று கடையில் ஒரு புதினம் நடந்தது. லா சப்பல் கடைத்தெருவில் எங்கள் அச்சுக்கடையில் கட்டித் தொங்கவிடுகிற கலியாண பனரும், பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டு பனரும்தான் அடிக்கிறது, உமக்குத் தெரியும். போன கிழமை ஆன்ஜெலிக் என்று நூலகத்தில் வேலைசெய்யும் மனுசி ஒரு யப்பான் ஓவியச் சுருளின் படத்தைக் கொண்டுவந்து, பிள்ளைகள் தொட்டுப் பார்க்க ஒரு பிரதி கேட்டா. ஒன்பது மீற்றர் நீளம், அகலம் ஒரு முழம்கூட இல்லை. வலப்பக்கம் இளவேனில் பூ, பிறகு கோடை மழை, பிறகு சிவந்த இலை, கடைசியில் பனி. இடையிடையே வெறும் வெள்ளைப் புகார் மூட்டம். நான் என்ன செய்தேன் தெரியுமோ? நாலு காலம் என்றால் நாலு பனர்தானே என்று, புகார் இருந்த இடமாய்ப் பார்த்து நாலாய் வெட்டி, கயிறு கட்ட மூலைக்கு மூலை வளையமும் அடித்து வைத்துவிட்டேன்.

ஆன்ஜெலிக் வந்து பார்த்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டா. ஏசவில்லை. விரலை வைத்துக் காட்டினா. சிவந்த இலைத் துண்டின் ஓரத்தில் ஒரு மாடு. பனித் துண்டின் ஓரத்தில் அதன் கயிற்றைப் பிடித்தபடி ஒரு மனிதன், அரிசியளவு ஆள். புகாருக்குள் நின்றவனை நான் காணவேயில்லை. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

உடனே புதிதாய் ஒரே நீளமாக அடித்துச் சுற்றினேன். பார்க்கிற முறையை அவ பழக்கினா. இடக்கையால் விரித்து வலக்கையால் சுற்றவேணும், ஒருநேரத்தில் தோளகலம்தான் தெரியவேணும். தயாளினி, நான் மூன்றுதரம் பார்த்தேன். குளிர்காலம் எங்கே தொடங்குகிறதென்று உம்மாலும் சொல்லேலாது. ஒரு சிவப்பிலையில் வெள்ளைப் பொட்டு, கொஞ்சம் விரித்தால் இன்னும் இரண்டு, பிறகு பார்த்தால் மனிதனும் மாடும் பனிக்குள் நடக்கினம். சார்செல் ஊர்க் கலியாண பனர் எங்கே என்று கத்திக்கொண்டு வந்த முதலாளி தவரத்தினம் அண்ணையும் வாயைப் பிளந்து நின்றார். மாட்டை விற்கவோ கொண்டுபோறான் என்று என்னைக் கேட்கிறார்.

இனி விசயத்துக்கு வாறன். குளிர் போகட்டும், சித்திரையில் வாறன் என்கிறீர். உமது விசா மாசியோடு முடியும். அது உமக்கும் தெரியும். குளிரல்ல காரணம். கலியாணம் கட்டி ஒரு மாதம்தான் ஒன்றாய் இருந்தோம், உங்களை எனக்குத் தெரியாது என்று போன கிழமை சொன்னீர். நான் நெற்வேர்க் சரியில்லை என்று போனை வைத்தேன். நெற்வேர்க் நல்லாய்த்தான் இருந்தது.

நீர் சொன்னது சரி. இரண்டு வருசமாய் நான் அனுப்பினதெல்லாம் வெயில் நாள் படங்கள். என் அறையை அனுப்பவில்லை. ஜன்னல் சரியாய்ப் பூட்டாது, ஹீட்டருக்கு மேலே காற்சட்டை காயும், ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவரோடும் கதைக்காமல் படுத்திருப்பேன். எனக்கும் உம்மைத் தெரியாது. எனக்கும் பயம்தான்.

ஆனாலும் மாசிக்குள் வாரும். இந்தக் குளிருக்குள் என்னோடு இருந்து பாரும். ஒத்துவராவிட்டால் முகத்துக்கு நேரே சொல்லும். திரும்பிப் போகிற டிக்கெட்டையும் நானே எடுத்துத் தருவேன், ஒருவரிடமும் உம்மைக் குறை சொல்லமாட்டேன். வராமல் மட்டும் முடிவெடுக்காதேயும்.

கடவுள் உமக்குத் துணிவு தரட்டும், எனக்கும் கொஞ்சம்.

உமது,
வாமதேவன்