நீ உண்டால் அது உண்ணும்

ஸ்ரீ பார்சுவநாதர் துணை

திண்டிவனம்
12-7-1958

அன்புள்ள மேரி அக்காவுக்கு,

ராஜமதியின் நமஸ்காரம். இங்கு நானும் அவரும் நலம். அங்கு நீங்களும் சவுரிராயன் அண்ணனும் நலம்தானே? நலம் என்று வழக்கத்துக்கு எழுதிவிட்டேனே தவிர, நான் நலமாக இல்லை அக்கா. எழுத்து கோணல் மாணலாக இருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நேற்று மல்லாட்டை மூட்டை அடுக்கும் கிடங்கின் கதவை இழுத்துச் சாத்தினேன். கீச்சென்று ஒரு சத்தம். பக்கத்து வீட்டுக் கண்ணையன் பாம்புக்குக் காவலாகக் கினிக்கோழி வளர்க்கிறார். அதன் குஞ்சு ஒன்று கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது. உள்ளங்கைக்குள் அடங்குகிற உருவம். ஒரு கால் முறிந்து தொங்குகிறது. கண்ணையன் ஓடி வந்து பார்த்துவிட்டு, "இது பொழைக்காதும்மா. இதுக்குப் போயி ஏன் கலங்கிக்கினு நிக்கறீங்க? குடுங்க, பூனைக்குப் போட்டுட்டுப் போறேன்" என்றார். நான் குஞ்சை முந்தானைக்குள் மூடிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

உங்களுக்குத் தெரியாததா? விழுப்புரத்தில் உங்களுக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்த காலத்தில் இரண்டு முறை, ஏழாம் மாதத்தில், என் வயிறு வெறுமையானது. இரண்டு முறையும் நீங்கள்தான் என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தீர்கள். இப்போது ஐந்தாம் மாதம். வயிற்றில் ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொரு தாயின் குஞ்சை நசுக்கியிருக்கிறேன். இது செத்தால் அந்தப் பாவம் வேறு எங்கே போகும் அக்கா? நேராக என் வயிற்றுக்குத்தான் வரும்.

அவரிடம் சொன்னேன். "தெரியாம நடந்ததுக்கு இவ்ளோ பயமா? விடு" என்றார். பொய் சொல்லாத மனிதர், அவர் சொன்னால் நம்பிக்கை வர வேண்டும். வரவில்லை. தாய்க்கோழி கண்ணையன் வீட்டுக் கூரைமேல் ஏறி நின்று கத்துகிறது. ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு எழுதுகிறேன்.

நீங்கள் கினிக்கோழி வளர்த்தவர். இது பிழைக்க நான் என்ன செய்ய வேண்டும்? எதுவானாலும் செய்கிறேன். பதில் உடனே போடுங்கள்.

தங்கள் அன்புத் தங்கை,
ராஜமதி


சேசு மரி சூசை துணை

ரயில்வே குவார்ட்டர்ஸ், விழுப்புரம்
15-7-1958

அன்புத் தங்கச்சி ராஜிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் அண்ணன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "கோழி கிளறின மாதிரி கீதே, அந்தக் குஞ்சே எழுதிடுச்சா?" என்றார். சிரித்தாயா? சிரி. வயிற்றுப் பிள்ளைக்கு அதுவும் ஒரு சாப்பாடுதான்.

உன் பயம் எனக்குப் புரிகிறது. பாவ புண்ணியம் பற்றி உன்னோடு வாதாட எனக்குப் படிப்பு போதாது. குஞ்சைப் பற்றி மட்டும் சொல்கிறேன். துடைப்பக் குச்சியை விரல் நீளத்துக்கு உடைத்து, முறிந்த காலுக்கு இரண்டு பக்கமும் வைத்து, பழந்துணிக் கிழிசலால் சுற்று. இறுக்கிவிடாதே. கூடையில் வைக்கோல் போட்டு அடுப்பங்கரையில் வை. கினிக்கோழிக் குஞ்சுக்கு ஈரம்தான் எமன். பனித்துளி பட்டால் கூடச் சுருண்டுவிடும்.

அடுத்தது தீனி. வெறும் கேப்பை போதாது. முதல் மாதம் இதற்குக் கரையான் வேண்டும், அது இல்லாவிட்டால் எலும்பு ஒட்டாது. ஒரு பழம் பானையில் சாணியும் நனைத்த வைக்கோலும் கந்தல் சாக்கும் அடைத்து, கரையான் இருக்கிற இடமாகப் பார்த்துக் கவிழ்த்து வை. மறுநாள் காலையில் எடுத்தால் உள்ளே கரையான் நிறைந்திருக்கும். உதறிவிட்டால் குஞ்சு ஆசையாகக் கொத்தும்.

நீ வேளைக்குச் சாப்பிடு. கிணற்றில் தண்ணீர் சேந்தாதே.

உன் அக்கா,
இருதயமேரி


ஸ்ரீ பார்சுவநாதர் துணை

திண்டிவனம்
19-7-1958

அன்புள்ள அக்காவுக்கு,

கால் கட்டிவிட்டேன். கூடை அடுப்பங்கரையில் இருக்கிறது. ஆனால் அந்தத் தீனியைப் படித்ததும் கடிதத்தைக் கீழே போட்டுவிட்டேன்.

கரையானா? நாங்கள் ஜைனர், தண்ணீரைக் கூட வடிகட்டிக் குடிக்கிறவர்கள். விளக்கு வைத்தால் சோற்றில் பூச்சி விழுந்து சாகுமே என்று பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிறவர்கள். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தைக் கேலி செய்தே காலம் கழித்தீர்களே, மறந்துவிட்டீர்களா? இந்த ஒரு உயிருக்காக நான் பானை பானையாகக் கொல்வதா?

வெந்த பருப்பை மசித்து வைத்தேன். மல்லாட்டையை உடைத்துக் கடலையைப் பொடித்து வைத்தேன். கீரையை நறுக்கி வைத்தேன். இரண்டு கொத்து கொத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறது. நாளுக்கு நாள் கையில் கனம் குறைகிறது. பின்கட்டுச் சுவரில் கரையான் ஏறியிருக்கிறது. நேற்று குஞ்சைத் தூக்கிக்கொண்டு அந்தச் சுவர் வரைக்கும் போய்விட்டேன் அக்கா. அதுவாகத் தின்றால் எனக்கென்ன என்று ஒரு மனம் சொன்னது. தூக்கிக்கொண்டு போனது என் கைதானே என்று இன்னொரு மனம் கேட்டது. திரும்பி வந்துவிட்டேன்.

கண்ணையன், "நான் கரையானைப் போட்டுட்டுப் போறேன், நீங்க அந்தப் பக்கமா திரும்பிக்குங்க" என்றார். நல்ல மனிதர். ஆனால் எங்கள் பெரியவர்கள் மூன்று சொல்லியிருக்கிறார்கள். செய்தாலும் பாவம், செய்யச் சொன்னாலும் பாவம், ஒருவர் செய்ததைக் கண்டு மகிழ்ந்தாலும் பாவம். எந்தப் பக்கம் திரும்பினாலும் நான் அகப்பட்டுக்கொள்கிறேன்.

குஞ்சு கண்ணை மூடும்போதெல்லாம் வயிற்றில் கை வைத்துப் பார்க்கிறேன். பயமாக இருக்கிறது அக்கா. தருமதேவியை வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ராஜமதி


சேசு மரி சூசை துணை

விழுப்புரம்
22-7-1958

அன்புள்ள ராஜி,

நீ செய்ய வேண்டாம். செய்யச் சொல்லவும் வேண்டாம். கண்டு மகிழவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பாசஞ்சர் வண்டி ஏறி வருகிறேன். நீ சமையலறையில் இரு. நான் கூடையைத் திருடிக்கொண்டு போகிறேன். திருட்டுப் பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி நான் தீர்த்துக்கொள்வேன். எங்களுக்கு அந்த வசதி உண்டு.

வருகிறவளுக்கு உங்கள் வீட்டுப் பருப்புத் துவையல் வேண்டும்.

மேரி


விழுப்புரம்
28-7-1958

ராஜிக்கு மேரி எழுதும் கார்டு. பத்திரமாக வந்து சேர்ந்தோம். வண்டியில் ஒருத்தி கூடையைத் திறந்து பார்த்துவிட்டு, இதுக்கும் டிக்கெட் எடுத்துத்தான் கூட்டிக்கினு போறியா என்றாள். குஞ்சு இன்று காலை நன்றாகத் தின்றது. என்ன தின்றது என்று கேட்காதே. ஒற்றைக்காலில் எழுந்து நின்று என்னை முறைத்தது. கவலைப்படாதே.


ஸ்ரீ பார்சுவநாதர் துணை

திண்டிவனம்
9-8-1958

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கார்டைப் பல முறை படித்தேன். படித்த உடனே வந்தது சந்தோஷம்தான். ஓடிப்போய் அவரிடம் காட்டினேன். பிறகுதான் உறைத்தது. நான் மகிழ்ந்துவிட்டேன். அது என்ன தின்று எழுந்து நின்றது என்று தெரிந்தே மகிழ்ந்துவிட்டேன். கணக்கில்லாத உயிர்கள் அக்கா.

அதற்கு ஈடாக அன்றிலிருந்து ஒருவேளைதான் சாப்பிடுகிறேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெறும் உபவாசம். குஞ்சு அங்கே தின்னத் தின்ன நான் இங்கே கழித்துக்கொண்டே வந்தால்தான் இந்த வயிற்றுக்கு ஒன்றும் வராது. அவர் முதலில் சொல்லிப் பார்த்தார், பிறகு கெஞ்சினார். "விரதம்னு நீ சொல்றப்போ நான் எப்பிடித் தடுப்பேன்? ஆனா ரெண்டு உயிரு பட்டினி கெடக்குதே" என்று நேற்று அழுதுவிட்டார். அவர் அழுது நான் பார்த்ததில்லை.

முந்தாநாள் முற்றத்தில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். உங்களிடம் மறைக்க மாட்டேன். நேற்றிலிருந்து வயிற்றில் அசைவு குறைவாக இருக்கிறது. இன்னும் போதாது போலிருக்கிறது, விரதத்தைக் கூட்ட வேண்டும் போலிருக்கிறது. குஞ்சு நன்றாக இருக்கிறதா? அதற்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன்?

ராஜமதி


விழுப்புரம்
11-8-1958

ராஜமதி,

துணை என்று மேலே எந்தச் சாமி பெயரும் போடாமல் எழுதுகிறேன். இதில் நான் எழுதப் போவதை எந்தச் சாமியும் ஒப்பாது.

பாவத்துக்குப் பயந்துகொண்டு பெரிய பாவத்தைச் செய்துகொண்டிருக்கிறாய். உனக்குச் சொல்லிப் புரிய வைக்க என்னால் ஆகாது. ஆகவே ஒன்று செய்யப் போகிறேன். இன்று முதல் நீ உண்டால் அந்தக் குஞ்சு உண்ணும். நீ பட்டினி கிடந்தால் அதுவும் பட்டினி கிடக்கும். காலையிலும் மதியமும் பொழுது சாய்வதற்கு முன்பும், மூன்று வேளை. நாலு நாளைக்கு ஒரு முறை "சாப்பிட்டேன்" என்று கார்டு போடு. கார்டு வராவிட்டால் கூடையை மூடிவிடுவேன். அது கத்திக் கத்திச் செத்தால் கொன்றவள் நானில்லை, நீ.

கொடுமைக்காரி என்று திட்டிக்கொள். நன்றாகத் திட்டு. திட்டுவதற்குத் தெம்பு வேண்டுமே, அதற்காகவாவது சாப்பிடு. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டு.

இருதயமேரி


திண்டிவனம்
14-8-1958

அக்கா,

இப்படிச் செய்வீர்கள் என்று கனவிலும் நினைக்கவில்லை. என் தலையைத் தடவிக் கொடுத்த கையா இதை எழுதியது? வாயில்லாத ஜீவனை வைத்துக்கொண்டு பேரம் பேசுகிறீர்கள். உங்களை நம்பிக் கூடையைக் கொடுத்தேன்.

சாப்பிட்டேன். மூன்று வேளையும் சாப்பிட்டேன். குஞ்சுக்குத் தீனி வையுங்கள்.

ஆஸ்பத்திரியில் காட்டினோம். அசைவு இருக்கிறதாம். உடம்பில் ரத்தம் இல்லையாம்.

ராஜமதி


திண்டிவனம்
18-8-1958

சாப்பிட்டேன். ராஜமதி.


திண்டிவனம்
9-9-1958

சாப்பிட்டேன். இங்கே விடாத மழை. தபால் தாமதமானால் தயவுசெய்து குஞ்சைப் பட்டினி போடாதீர்கள். நான் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பார்சுவநாதர் மேல் ஆணை. ராஜமதி.


விழுப்புரம்
12-9-1958

ராஜி,

மழைக்கு ஒரு நாள் பொறுப்பேன். அதற்கு மேல் பொறுக்க மாட்டேன். ஏழாம் மாதம் நடக்கிறது, ஜாக்கிரதை. பயப்படாதே என்று சொல்ல மாட்டேன், எனக்கே பயமாக இருக்கிறது. பயந்துகொண்டே சாப்பிடு.

மேரி


திண்டிவனம்
30-10-1958

சாப்பிட்டேன். கேப்பைக்களி, கீரைக்குழம்பு, வாழைப்பழம். அவர் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டேன். நீங்களும் வேளைக்குச் சாப்பிடுங்கள் அக்கா. ராஜமதி.


ஸ்ரீ பார்சுவநாதர் துணை

திண்டிவனம்
7-12-1958

அன்புள்ள மேரி அக்காவுக்கு,

உங்களுக்குத் தந்தி வந்திருக்கும். பெண் குழந்தை. கறுப்பு, அவரைப் போலக் காது. நல்ல குரல். ஆஸ்பத்திரித் தாழ்வாரம் முழுக்கக் கேட்டதாம். பிறந்ததும் அழுகிறதா, அழுகிறதா என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேனாம். இரண்டு முறை அந்தச் சத்தம் கேட்காமல் போனதே, அதனால். என்னால் இப்போதுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். தீபாவளிக்கு முன்னால் அவர் மண்டி வேலையாக விழுப்புரம் வந்தார் அல்லவா? குஞ்சைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று நான்தான் அனுப்பினேன். திரும்பி வந்தவர் கால் கழுவிக்கொண்டே, "நல்லா கீது. காலு கூடிப்போச்சு. ஓடுது" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பொழுது சாய்வதற்குள் இலை போட்டேன். எனக்கு வேண்டாம் என்றார். அன்று அட்டமியும் இல்லை, சதுர்த்தசியும் இல்லை. எதற்கு உபவாசம் என்று கேட்டேன். பாயை எடுத்துக்கொண்டு போய்ப் படுத்துக்கொண்டார்.

எனக்கு விளங்கிவிட்டது அக்கா. அந்த மனிதர் மண்டியில் மூட்டைக்குச் சொத்தை மல்லாட்டை எத்தனை என்பதைக் கூட மறைக்காமல் சொல்லி நஷ்டப்படுகிறவர். அவர் ஒரு பொய் சொல்லிவிட்டு அதற்காகப் பட்டினி கிடக்கிறார் என்றால், குஞ்சு உயிரோடு இல்லை.

இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். போய்விட்டது, இனி இந்த வயிறும் போகப் போகிறது என்று தோன்றியது. எழுந்துவிடத்தான் பார்த்தேன். அப்போதுதான் உங்கள் நினைவு வந்தது. வெறும் கூடையை வைத்துக்கொண்டு, தீனி போட மாட்டேன் என்று என்னை மிரட்டிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். நான் திட்டியதையெல்லாம் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறீர்கள். நான் நாலு வாய் சாப்பிட வேண்டும் என்று இரண்டு பேர் தங்கள் தலையில் பாவத்தை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். இதற்கு மேலும் நான் பட்டினி கிடந்தால் அதை எந்தப் பிறவியில் தீர்ப்பேன்?

அவர் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டேன். பயம் போகவில்லை அக்கா. பிரசவ வலி எடுத்த அன்று வரைக்கும் போகவில்லை. ஒவ்வொரு வேளையும் பயத்தோடுதான் சாப்பிட்டேன், கார்டும் போட்டேன். எனக்குத் தெரியும் என்று உங்களுக்கு எழுதவில்லை. எழுதினால் நீங்கள் பயந்திருப்பீர்கள்.

குழந்தை பிறந்த பிறகு அவரிடம் கேட்டேன். எல்லாவற்றையும் சொன்னார். ஆடி மழையில் குவார்ட்டர்ஸ் ஒழுகிக் கூடை நனைந்ததையும், குஞ்சைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு நீங்கள் விடிய விடிய உட்கார்ந்திருந்ததையும் சொன்னார். செத்த செய்தியை நீங்கள் எழுதி முடித்த அன்றுதான் என் உபவாசக் கடிதம் வந்ததாமே. எழுதியதைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு அந்தக் கடுங்கடிதத்தை எழுதினீர்களாமே. அவரைக் கையெடுத்துக் கும்பிட்டு, "அவகிட்ட சொல்லிடாதீங்க" என்றீர்களாமே. உங்களைக் கொடுமைக்காரி என்று நான் மனசுக்குள் எத்தனை முறை சொல்லியிருப்பேன்.

நீங்கள் இதற்குப் பதில் எழுத வேண்டாம். வண்டி ஏறி வாருங்கள். குழந்தையை இன்னும் யார் மடியிலும் போட எனக்குத் தைரியம் வரவில்லை. முதலில் உங்கள் மடியில்தான் போடுவேன். அந்தக் குஞ்சை எங்கே புதைத்தீர்கள் என்று அப்போது எனக்குச் சொல்லுங்கள்.

தங்கள் அன்புத் தங்கை,
ராஜமதி